முதுகில் வியர்வை, விரலில் விறைப்பு!



மார்கழி மாதத்து அதிகாலையில் சைக்கிளில் சென்றிருக்கிறீர்களா? வீட்டு வாசலில் நிற்கும்போது குளிர் அவ்வளவாகத் தெரியாது. சைக்கிளில் ஏறி மிதித்தவுடன் கைவிரல்கள் சில்லிட்டுப் போகும். காது மடல்கள் வலிக்கும். பத்து நிமிடம் சென்றபின் சட்டையின் முதுகுப் பக்கம் வியர்வையால் நனைந்திருக்கும். ஆனால் விரல்களோ இன்னும் சில்லென்றே இருக்கும்! ஒரே உடலில், ஒரே நேரத்தில், ஓரிடத்தில் புழுக்கம், இன்னோரிடத்தில் குளிர். இது எப்படி?

நம் ஊரில் இது ஒரு சிறிய தொல்லைதான். ஆனால் உறைபனி பெய்யும் நாடுகளில் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் சைக்கிளில் நெடுந்தூரம் போனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அதே சமயம் விடை தெரிந்தவர்களுக்குக் கடுங்குளிரும் ஒரு பொருட்டில்லை. பின்லாந்து நாட்டின் வடபகுதியில், 65 டிகிரி வட அட்சத்தில் ஓலு என்றொரு நகரம் இருக்கிறது. டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே பகல் பொழுது 4 மணி நேரத்துக்கும் குறைவு. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரி, 20 டிகிரி என்று இறங்குவது வழக்கம். அப்படிப்பட்ட நாள்களிலும் அந்நகரத்துப் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குச் செல்கிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்தைப் பற்றிய உலக மாநாடு முதன்முதலில் 2013-ஆம் ஆண்டு கூடியதும் இந்த ஓலு நகரத்தில்தான்.

அவர்கள் மூட்டை மூட்டையாகத் துணி சுற்றிக்கொண்டு போகிறார்களா? இல்லை. குளிரை வெல்லும் வித்தை துணியின் கனத்தில் இல்லை. வெப்பத்தின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்ப்போமா?

வெப்பத்தின் வரவு

நம் உடலின் உட்பகுதி எப்போதும் ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடில் இருக்கவேண்டும். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உடல் நடுங்கும், பேச்சுக் குழறும், சிந்தனை தடுமாறும். மேலும் இறங்கினால் உயிருக்கு ஆபத்து.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குமிழ் விளக்கு ஒன்று எரிவதைப் போன்றது இது. சைக்கிள் மிதிக்கும்போது என்ன ஆகிறது? நம் தசைகள் ஓர் எஞ்சினைப் போன்றவை. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் அவை வேலையாக மாற்றுகின்றன. மற்ற மூன்று பங்கும் வெப்பமாகிவிடுகிறது. நீங்கள் சாதாரண வேகத்தில் மிதிகளுக்கு 75 வாட் திறனைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். உடல் செலவிடுவதோ சுமார் 300 வாட். எனவே 225 வாட் வெப்பமாக வெளிவருகிறது. ஓய்வில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

ஆகவே சைக்கிள் ஓட்டுபவருக்கு வெப்ப வரவில் பஞ்சமே இல்லை. அப்படியானால் குளிர்வது ஏன்? செலவுப் பக்கத்தைப் பார்ப்போம்.

காற்று செய்யும் கொள்ளை

காற்று ஓர் அரிதிற் கடத்தி. அசையாத காற்றைப்போல் மலிவான போர்வை உலகில் வேறில்லை. நம் தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. உடலின் வெப்பத்தால் அது சூடாகி, நம்மைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டையைப் போல் அமைந்துவிடுகிறது. காற்று வீசினால் இந்தச் சட்டை கலைந்துபோகும். சூடான காற்று அடித்துச் செல்லப்பட்டு, புதிய குளிர்ந்த காற்று தோலைத் தொடும். உடல் அதையும் சூடாக்க வேண்டும். அதுவும் பறிபோகும். இப்படி ஓயாமல் கொள்ளை நடக்கிறது.

காற்றே வீசாத நாளிலும் சைக்கிள் ஓட்டுபவர் தமக்கென்று ஒரு காற்றை உண்டாக்கிக் கொள்கிறார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று முகத்தில் மோதுகிறது. எதிரே உண்மையான காற்றும் வீசினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

காற்றின் இந்தக் கொள்ளையை முதன்முதலில் அளந்து கணக்கிட்டவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் அமெரிக்கர்கள். சைப்பிளின் கதை சுவையானது. 1928-இல் ரிச்சர்ட் பேர்டு என்பவர் தென் துருவப் பகுதிக்குப் புறப்பட்டபோது, ஒரு சாரணச் சிறுவனைத் தம்முடன் அழைத்துச் சென்றார். அந்தச் சாரணர்தான் சைப்பிள். பின்னர் அவர் விஞ்ஞானியாகி, 1940–41-இல் அதே உறைபனிக் கண்டத்தில் பாசெலுடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். பிளாஸ்டிக்கினால் ஆன சிறிய உருளை ஒன்றில் 250 கிராம் நீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டார்கள். நீர் உறைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று வெவ்வேறு காற்று வேகங்களில் குறித்தார்கள். காற்றின் வேகம் கூடக்கூட நீர் விரைவாக உறைந்தது. இந்த முடிவுகள் 1945-இல் வெளிவந்தன.

மனிதர்களின் முகத்தில் அளவுகருவிகளைப் பொருத்திப் பின்னாளில் நடந்த சோதனைகளைக் கொண்டு, 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் இக்கணக்கைத் திருத்தி அமைத்தன. அதன்படி, காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரியாக உள்ள நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் செல்பவரின் முகம், ஏறத்தாழ −20 டிகிரிக் குளிரில் அமைதியாக நடந்து செல்வது போன்ற வேகத்தில் வெப்பத்தை இழக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காற்று வீசுவதால் எந்தப் பொருளின் வெப்பநிலையும் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போய்விடாது. வெப்பமானியை மின்விசிறியின் முன் பிடித்துப் பாருங்கள். பாதரசம் இறங்காது. ஏனென்றால் வெப்பமானி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை; அதனிடம் பறிப்பதற்கு ஒன்றுமில்லை. உடலோ வெப்பத்தை உண்டாக்கிக் கொண்டே இருக்கிறது. அதனால்தான் காற்றினால் நமக்கு நட்டம், வெப்பமானிக்கு இல்லை. ஆனால் குமிழை ஈரத்துணியால் சுற்றிவிட்டால் கதை மாறிவிடும். அதுதான் அடுத்த செய்தி.

நண்பனாக வந்து பகைவனாகும் வியர்வை

கோடைக்காலத்தில் வியர்வை நம் நண்பன். ஒரு கிராம் வியர்வை தோலின்மேல் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அதை அது உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் இதே குணம்தான் கெடுதலாகிறது.

கனமான ஆடைகளைப் போட்டுக்கொண்டு ஒருவர் வேகமாகச் சைக்கிள் மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 225 வாட் வெப்பம் வெளியேற வழியில்லை. உடல் வியர்க்கத் தொடங்குகிறது. 100 கிராம் வியர்வை உள்ளாடையில் ஊறிவிடுகிறது. பிறகு அவர் வண்டியை நிறுத்தி நண்பருடன் பேசிக்கொண்டு நிற்கிறார். வெப்ப வரவு உடனே 100 வாட்டுக்கு இறங்குகிறது. ஆனால் வியர்வை நிற்காமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த 100 கிராமும் ஒரு மணி நேரத்தில் ஆவியானால் அதற்கு மட்டும் ஏறத்தாழ 67 வாட் செலவு! அதாவது வரவில் மூன்றில் இரண்டு பங்கு வியர்வைக்கே போய்விடுகிறது. அவர் நடுங்காமல் என்ன செய்வார்?

அது மட்டுமன்று. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால், போர்வையாக இருந்த துணி வெப்பத்தை வெளியே கடத்தும் பாதையாகிவிடுகிறது. ஆகவே குளிர்காலத்தில் வியர்த்துக் கொட்டும்படி உடுத்துவது, குளிரைத் தேடிப்போய் வரவழைப்பதற்குச் சமம்.

விரல்கள் மட்டும் என்ன பாவம் செய்தன?

முதுகு வியர்க்கிறது, விரல் விறைக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வடிவம். விரலையும் தொடையையும் இரண்டு உருளைகளாகக் கருதுங்கள். விரலின் விட்டம் 1.6 செ.மீ., தொடையின் விட்டம் 16 செ.மீ. என்று கொள்வோம். உருளையின் வளைபரப்பைக் கன அளவால் வகுத்தால் 4/விட்டம் என்று வரும். எனவே ஒரு கன சென்டிமீட்டர் சதைக்கு, தொடையைவிட விரலுக்குப் பத்து மடங்கு பரப்பு! வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாக அல்லவா?

இரண்டாவது, விரலுக்கென்று சொந்த அடுப்பு இல்லை. விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. நாண்களால் இழுத்துத்தான் விரல்களை இயக்குகின்றன. எனவே இரத்தம் கொண்டுவரும் வெப்பமே விரலுக்குக் கதி.

மூன்றாவது, உடலின் அரசியல். குளிர் தாக்கும்போது உடல் முதலில் காக்க நினைப்பது மூளை, இதயம் முதலிய உறுப்புகளை. உடனே தோலுக்கும் விரல்களுக்கும் செல்லும் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலைநகரத்தைக் காப்பதற்காக எல்லைப்புறக் கிராமங்களைக் கைவிடும் அரசனைப் போல, உடல் விரல்களைக் கைவிடுகிறது. ஆனால் அடியோடு கைவிடுவதில்லை. விரல் மிகவும் குளிர்ந்துவிட்டால், இடையிடையே குழாய்கள் சிறிது நேரம் திறந்து சூடான இரத்தத்தை அனுப்பி மறுபடி மூடிக்கொள்ளும். 1930-இல் தாமஸ் லூயிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் இதை விளக்கினார்.

சைக்கிளில் செல்பவருக்கு இதனால் இன்னொரு சங்கடமும் உண்டு. பிடியைப் பற்றிய கை அசையாமல் எதிர்க்காற்றில் நிற்கிறது. பிரேக் பிடிப்பதோ எளிதிற் கடத்தியான உலோகம். விரலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் லாவகம் குறையும். மேலும் இறங்கினால் உணர்ச்சி மழுங்கும். பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை என்றால் என்ன ஆகும்? விரல் விறைப்பதை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்க முடியாது; அது விபத்துக்கும் காரணமாகும்.

பனிப்புயலில் ஒரு பந்தயம்

இதுவரை படித்த அத்தனையும் ஒரே நாளில் அரங்கேறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள். இத்தாலி நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் அன்று ஆல்ப்ஸ் மலையில் 2,600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கேவியா கணவாயைக் கடக்கவேண்டும். ஜூன் மாதமாயிற்றே என்று நினைக்காதீர்கள். அன்று மலையடிவாரத்தில் மழை; மேலே பனிப்புயல்!

நெதர்லாந்து வீரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையுடன் மலையேறி, எல்லோருக்கும் முன்னால் உச்சியை அடைந்தார். ஏறும்வரை அவருக்குப் பெரிய தொல்லை இல்லை. ஆனால் இறங்கத் தொடங்கியதும் குளிரைத் தாங்க முடியவில்லை. வழியில் நின்று, ஒதுங்கி உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. போர்மியோ நகரில் அமைந்த முடிவுக் கோட்டுக்கு, வெற்றி பெற்றவருக்கு முக்கால் மணி நேரத்துக்கும் பின்னால்தான் அவர் வந்து சேர்ந்தார்.

அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் குழுவினர், பனிப்புயல் வரப்போவதை அறிந்து காலையிலேயே கடைக்குச் சென்று கையுறைகளையும் கம்பளி ஆடைகளையும் வாங்கி வைத்திருந்தார்கள். உச்சியை நெருங்கும்போது வீரர்களுக்குச் சூடான தேநீரும் ஆடையும் கொடுக்க ஆட்களை நிறுத்தினார்கள். ஹாம்ப்ஸ்டன் அன்று இரண்டாவதாக வந்தார். அந்த ஆண்டின் முழுப் பந்தயத்தையும் அவரே வென்றார்.

ஏறும்போது தாங்கிய குளிரை இறங்கும்போது ஏன் தாங்க முடியவில்லை? கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏறும்போது பந்தய வீரர் மிதிகளுக்குச் சுமார் 300 வாட் கொடுப்பார். எனவே 900 வாட் வெப்பம் வரவாகிறது. வேகமோ குறைவு, ஆகவே எதிர்க்காற்றும் குறைவு. இறங்கும்போது மிதிக்கத் தேவையில்லை. வரவு ஓய்விலிருப்பவரின் அளவுக்கு வீழ்கிறது. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல்! காற்று 0 டிகிரியாக இருந்தாலும் முகம் ஏறத்தாழ −10 டிகிரிக் குளிரை உணரும். ஆடையோ வியர்வையாலும் பனியாலும் நனைந்திருக்கிறது. வரவு ஒன்பதில் ஒரு பங்காகவும், செலவு பல மடங்காகவும் மாறினால் எந்தக் குடும்பம் தாங்கும்?

எப்படி உடுத்த வேண்டும்?

இப்போது விடை எளிதாகிவிட்டது. அசையாத காற்றைச் சேமிக்க வேண்டும். வீசும் காற்றைத் தடுக்க வேண்டும். உடலை உலர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்று வேலைகளுக்கும் மூன்று அடுக்குகள்.

தோலை ஒட்டிய முதல் அடுக்கு, வியர்வையைத் தங்கவிடாத துணியாக இருக்கவேண்டும். மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ ஏற்றது. கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் நனைந்ததுபோல் தோன்றாது. பருத்தி பனியன் நம் ஊர் வெயிலுக்கு அருமையானது. ஆனால் வியர்வையை உறிஞ்சி, ஈரமாகவே தோலோடு ஒட்டிக்கொள்வதால் உறைகுளிருக்கு ஆகாது.

இரண்டாவது அடுக்கு காற்றைச் சிறைப்படுத்தும் ஸ்வெட்டர் போன்றது. கனமான ஒன்றைவிட மெல்லியவை இரண்டு நல்லது. தேவைப்படாதபோது ஒன்றைக் கழற்றிவிடலாம் அல்லவா?

மூன்றாவது அடுக்கு காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி. ஆனால் நீராவி வெளியேற வழியே இல்லாத மழைக்கோட்டை அணிந்து வேகமாக மிதித்தால், மழையில்லாமலே உள்ளே நனைந்துவிடுவீர்கள். கழுத்திலும் அக்குளிலும் திறந்து மூடக்கூடிய அங்கியே சிறந்தது. காற்று மோதுவது மார்பில்தான், முதுகில் அன்று. எனவே மார்பை நன்றாக மறைத்து, முதுகைச் சற்று லேசாக விட்டால் புழுக்கமும் குறையும்.

விலையுயர்ந்த அங்கி இல்லையென்று கவலை வேண்டாம். பிரான்சு நாட்டின் பெரும் சைக்கிள் பந்தயத்தில், மலை முகட்டில் நிற்கும் பார்வையாளர்கள் நீட்டும் செய்தித்தாளை வீரர்கள் வாங்கிச் சட்டைக்குள் மார்பின்மேல் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். செய்தித்தாள் காற்றைத் தடுக்கிறது. மடிப்புகளுக்கிடையே காற்றைச் சேமிக்கிறது. மலை இறங்கியதும் எடுத்துவிடலாம். இதைவிட மலிவான கவசம் உண்டா?

கைகளுக்கு, ஐந்து விரலுக்கும் தனித்தனிப் பை உள்ள கையுறையைவிட, நான்கு விரல்களையும் ஒன்றாக வைக்கும் கையுறையே அதிகக் கதகதப்பானது. விரல்கள் சேர்ந்திருக்கும்போது வெளிக்காற்றை நோக்கிய பரப்பு குறைகிறது. சைக்கிளின் பிடியையும் பிரேக்கையும் சேர்த்து மூடும் பெரிய உறைகளும் குளிர் நாடுகளில் வழக்கத்தில் உள்ளன. காலணி இறுக்கமாக இருக்கக்கூடாது. இரண்டு காலுறைகளைத் திணித்து இறுக்கினால், காற்றும் நசுங்கிவிடும். இரத்த ஓட்டமும் தடைப்படும்.

உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போகிறது என்று சொல்வதுண்டு. அது சரியன்று. தலை உடற்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மற்ற இடங்களை மூடிவிட்டுத் தலையையும் காதையும் மட்டும் திறந்து வைத்தால் அவற்றின் வழியாக இழப்பு நேரத்தான் செய்யும். மெல்லிய குல்லாய் ஒன்று போதும்.

குளிர் நாட்டவர்கள் கைக்கொள்ளும் பொன்விதி ஒன்று உண்டு: வீட்டை விட்டுப் புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால், பத்து நிமிடத்தில் வியர்க்கப்போகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்தால் வியர்வையும் குறையும், எதிர்க்காற்றும் குறையும். ஓலு நகரத்தில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் பந்தயம் விடுவதில்லை. நிதானமாகவே மிதித்துச் செல்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் விரல் வெளுத்து, உணர்ச்சி அற்றுப்போனால் உடனே நிறுத்திச் சூடான இடத்துக்குச் செல்ல வேண்டும். விறைத்த விரலைப் பனியால் தேய்ப்பது தவறு. நெருப்பின் அருகே நீட்டுவதும் தவறு. உணர்ச்சியற்ற விரலுக்குச் சுடுவது தெரியாது! அக்குளில் வைத்து மெதுவாகச் சூடேற்றுவதே நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று சிறிய எவர்சில்வர் செம்புகளை மூடிகளுடன் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் துணையோடு மூன்றிலும் 60 டிகிரி வெப்பமுள்ள நீரைச் சம அளவில் ஊற்றுங்கள். முதல் செம்பை உலர்ந்த துணியால் சுற்றுங்கள். இரண்டாவதை அதே அளவு ஈரத்துணியால் சுற்றுங்கள். மூன்றாவதை உலர்ந்த துணியால் சுற்றி, அதன்மேல் பாலிதீன் பையைப் போர்த்துங்கள். மூன்றையும் மின்விசிறியின் முன் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். ஈரத்துணி சுற்றிய செம்பு முந்திக்கொண்டு குளிர்வதையும், பாலிதீன் போர்த்திய செம்பு கடைசிவரை சூட்டைக் காப்பாற்றுவதையும் காண்பீர்கள்.

நீலகிரியில் வாழும் மாணவர்களுக்கு இந்தச் சோதனை வெறும் பாடமன்று. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளிமேல் உறைபனி படிகிறது. அங்கே மேட்டில் வியர்க்க வியர்க்க ஏறிவிட்டு, மிதிக்காமல் சரிவில் இறங்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு குட்டிக் கேவியாவைக் கடக்கிறார். மேட்டின் உச்சியில் ஒரு நிமிடம் நின்று, பையிலுள்ள ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு, அதன்பின் இறங்குவதே புத்திசாலித்தனம்.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி: ஈரத்துணி சுற்றிய செம்பின்மேலும் பாலிதீன் பையைப் போர்த்தினால் என்ன ஆகும்? ஆவியாதல் நின்றுவிடுமா? ஈரத்தின் வழியாகக் கடத்தல் தொடருமா? முதலில் ஊகித்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு நான்காவது செம்பை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்!